ஓரம் கலங்கும் லென்ஸ்

கையால் திருப்பி ஃபோகஸ் பண்ணுகிற லென்ஸை என்னைப் போன்ற பொறுமையில்லாத ஓர் அந்தரக்காரியிடம் கொடுத்தவர் என் பெரியப்பாவின் மகன். ஜெர்மனியில் இருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு வந்த அண்ணா, திரும்பிப் போகும்போது இரண்டு பழைய லென்ஸ்களைக் காலுறைக்குள் சுருட்டி என் கையில் தந்தார்.

"இது ரேஞ்ச்ஃபைண்டர் கமராவின்ர லென்ஸ். பிலிம் காலத்துச் சாமான். இந்த வளையத்தை இடையில பூட்டினா உன்ர மிரர்லெஸ் கமராவில நிக்கும். எல்லாம் கையாலதான் திருப்ப வேணும். பாவிச்சுப் பார், கொஞ்சமாவது பொறுமை வரும்" என்றார்.

பொறுமை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படியான லென்ஸ்களைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லாரும் அது ஆளை நிதானமாக்கும், மனத்தை ஆறவைக்கும் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே கதிரையில் இருந்தால் கால் ஆடும். சோறு கொதிக்கும்வரை நிற்க முடியாமல் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். அந்த லென்ஸைப் பூட்டிய நாள் முதல் என் அந்தரம் இரண்டு மடங்காகியதே தவிர, ஓர் இம்மியும் குறையவில்லை.

ஆனாலும் அவை எனக்குத் தேவைப்பட்டன. கிளிநொச்சியில் கலியாணவீடு, பிள்ளைகள் பெரியபிள்ளையாகிற சாமத்தியவீடு, பள்ளிக்கூட விழா என்று படம் எடுத்துத்தான் நான் பிழைக்கிறேன். என்னிடம் இருந்த நல்ல லென்ஸ், தானாகவே ஃபோகஸ் பண்ணுகிற லென்ஸ், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போகும் வழியில் போய்ச் சேர்ந்தது. றோட்டின் நடுவில் யானை நின்றது. மற்றவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அது போகட்டும் என்று பேசாமல் நின்றார்கள். நான் நிற்பேனா? வேறு பாதையால் போகலாம் என்று வெட்டித் திருப்பினேன். நானும் கமராப் பையும் கிரவல் மண்ணில் விழுந்தோம். யானை ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்குக் காட்டுக்குள் போனது. எனக்கு முழங்கை உரசியதோடு சரி. லென்ஸுக்குள் ஏதோ உடைந்து கடகடத்தது. திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்பினேன். அது இன்னும் கொழும்பில்தான் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை கனடா. கலியாணம் கட்டிவிட்டு அவர் முதலில் போவார், விசா வந்ததும் இவள் பின்னால் போவாள். லென்ஸ் இல்லாமல் உன் கலியாணத்தை எப்படி எடுப்பேன் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவள் குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஆயிரம் படம் வேண்டாம் அக்கா. கலியாணச் சீலையோட நானும் அம்மாவும் நிக்கிற ஒரு படம் காணும். அம்மாவின்ர முகம் வடிவாத் தெரிய வேணும். அங்க கொண்டுபோய்ச் சுவரில கொழுவ எனக்கு அது ஒண்டுதான் வேணும்" என்றாள்.

கேட்கச் சின்ன விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அல்பம் எங்கேயோ தவறிப்போனது. பிறகு அப்பாவும் இல்லாமற் போனார். அவருடைய முகம் எனக்கு நினைவிருக்கிறது. தங்கச்சிக்கு இல்லை, அவள் அப்போது கைக்குழந்தை. அம்மாவோ உயிரோடு கண்முன்னால் நடமாடுகிறார், ஆனால் அவருடைய முகம் நேராக விழுந்த படம் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் அம்மா ஓரத்துக்குப் போய்விடுவார். புருஷன் இல்லாதவள் முன்னுக்கு நிற்கக்கூடாது என்று யாரும் அவருக்கு நினைவூட்டத் தேவையில்லை. நான் கமராவைத் தூக்கும்போதே அவர் கால் பின்வாங்கும். ஒன்றில் பாதி முகம் தூணுக்குப் பின்னால், அல்லது யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னால். ஊர் முழுக்கப் படம் எடுக்கிறவளுக்குத் தன் தாயைப் படம் எடுக்க முடியவில்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

லென்ஸுக்கு வருகிறேன். ஒன்று ஐம்பது மில்லிமீற்றர். மற்றது இருபத்தொன்று, அகலமாக வாங்குவது. சின்ன அறைக்குள் நின்றபடி முழுச் சனத்தையும் பிடிக்கலாம். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் நல்ல கனம். முதன்முதல் வளையத்தோடு பூட்டிப் படம் எடுக்கப் பார்த்தபோது, லென்ஸே இல்லை என்று கமரா எழுதிக் காட்டியது. பொத்தானை அமத்தினால் சத்தமே இல்லை. கண்ணுக்கு முன்னால் லென்ஸ் இருக்கிறது, இது இல்லை என்கிறது. எனக்கு விசர் வந்தது. மெனுவுக்குள் கிண்டிக் கிண்டி, லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்கிற இடத்தைக் கண்டுபிடித்து மாற்றிய பிறகுதான் அது வழிக்கு வந்தது.

ஃபோகஸ் பண்ணுவதற்கு லென்ஸின் அடியில் விரல் வைக்க ஒரு சின்னப் பிடி இருக்கிறது. அதைத் தள்ளத் தள்ள, எது தெளிவாகிறதோ அதன் விளிம்பில் கமராத் திரை சிவப்பாக மினுங்கிக் காட்டும். தங்கச்சியின் இமையில் சிவப்பு மினுங்கினால் இமை தெளிவு. அவள் கொஞ்சம் அசைந்தால் சிவப்பு காதுக்குப் போய்விடும். நான் விரலால் துரத்திக்கொண்டு போவேன். அது பிடிபடும்போது அவள் கொட்டாவி விடுவாள். வாய்க்காலில் குளிக்கிற பெடியள், உழவு மெசின், சந்தைக்குப் போகிற சைக்கிள் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பழகினேன். பாதிக்குமேல் கலங்கல். அவசரத்தில் நான் விரலைக் கொஞ்சம் கூடத் தள்ளிவிடுவேன், அதுதான் என் வியாதி. ஆனால் பிடிபட்ட படங்களில் முகத்துக்கு ஒரு அழகு இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐம்பதோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. இருபத்தொன்றின் குணம் நெடுங்கேணியில் ஒரு சாமத்தியவீட்டில் தெரிந்தது. பந்தலுக்குள் பின்வாங்க இடமில்லை, அதனால் அதைப் பூட்டி முழுக் குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் பிள்ளையின் நெற்றிச்சுட்டியில் கல்லுக் கல்லாகத் தெரிந்தது. ஓரத்துக்குப் போகப் போக முகங்கள் ஈரக்கையால் துடைத்துவிட்டதுபோல இழுபட்டுக் கிடந்தன. போதாததற்கு இரண்டு பக்கமும் நாவல்பழம் கறை பிடித்ததுபோல ஊதா நிறம்.

அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சண்டை பிடித்தேன். அவர் ஆறுதலாக விளக்கினார். இந்த லென்ஸின் பின்பக்கம் பிலிமுக்கு மிகக் கிட்டப் போய் நிற்கும்படி செய்யப்பட்டது. அதனால் ஓரத்துக்குப் போகிற வெளிச்சம் நன்றாகச் சரிந்துதான் விழும். பிலிம் அதைத் தாங்கும். டிஜிட்டல் கமராவில் சென்சருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. சரிந்து வருகிற வெளிச்சம் அந்தக் கண்ணாடிக்குள்ளால் போகும்போது குழம்பிவிடும்.

"ஊதாவைக் கணினியில எடுக்கலாம். கலங்கினதை ஒண்டும் செய்யேலாது. முக்கியமான ஆக்களை நடுவில நிப்பாட்டு. ஓரத்தில மரம், செடியை விடு" என்றார்.

ஓரத்தில் மரம் செடியாம், நல்ல கதை. போனை வைத்துவிட்டு அந்தப் படத்தின் ஓரத்தைத் திரும்பப் பார்த்தேன். இடப்பக்கமும் வலப்பக்கமுமாகச் சில பெண்கள், ஒருவர் நெற்றியிலும் குங்குமம் இல்லை. பழைய கலியாணப் படங்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் அதேதான். நடுவில் மாப்பிள்ளை பொம்பிளை, அதற்கடுத்துத் தாய் தகப்பன், மாமன் மாமி. கடைசியில், சட்டத்தை முட்டிக்கொண்டு, வெளிர்நிறச் சேலையில் இந்தப் பெண்கள். இது எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் என்று சொன்னால் பொய். ஓரம் கலங்காத லென்ஸ் கையில் இருந்தவரைக்கும் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது யோசிக்க வேண்டி வந்தது. ஏனென்றால் என் தங்கச்சியின் கலியாணப் படத்தில் அந்த ஓரத்தில் நிற்கப்போவது என் அம்மா.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லென்ஸ் இரவல் கேட்டு அலைந்தேன். நல்ல மாதம், எல்லாப் படக்காரரும் தங்கச்சியின் கலியாண நாளில் எங்கேயோ ஒரு கலியாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். மண்டபத்துக்குப் போய் ஐம்பதை வைத்து அளந்து பார்த்தேன். மணவறையில் ஏறி நிற்கிற முழுக் குடும்பமும் அதற்குள் அடங்க வேண்டுமென்றால் நான் சனத்தின் கதிரைகளுக்கு மேலால் நடந்து போய் நிற்க வேண்டும், அங்கே வீடியோக்காரர் தங்கள் லைட்டை நட்டு வைத்துவிடுவார்கள். அம்மாவையும் தங்கச்சியையும் மட்டும் தனியாக நிறுத்தி ஐம்பதால் எடுக்கலாம்தான். அதை அம்மாவிடம் கேட்டேன்.

"கலியாணத்தண்டைக்கோ? நானும் அவளும் தனியவோ? உனக்கென்ன விசரே?" என்றார்.

"அப்ப குடும்பப் படத்தில தங்கச்சிக்குப் பக்கத்தில நில்லுங்கோ."

"ஓம் ஓம், பாப்பம்."

அம்மா பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அதற்கு மேல் கேட்டால் எழும்பிப்போய் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பார்.

கலியாணத்தன்று நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. அது தொழிலுக்காக மட்டும் இல்லை. கமராவோடு ஓடிக்கொண்டிருக்கிறவளை மறித்து, "பிள்ளை, தங்கச்சிக்கு முடிஞ்சுது, உமக்கு எப்ப?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். நின்றால் கேட்பார்கள். கன்னிகாதானத்துக்கு எங்கள் மாமாவும் மாமியும், அதாவது அம்மாவின் தம்பியும் அவர் மனைவியும், இருந்தார்கள். அம்மா பின்வரிசையில், வாசல் பக்கக் கதிரையில் இருந்தார். தாலி கட்டும்போது நான் ஐம்பதால் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைக் குனியாமல் பின்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் இரண்டுதரம் குனியச் சொன்னார்.

பிறகு குடும்பப் படம். நான் இருபத்தொன்றைப் பூட்டினேன். மாப்பிள்ளை பகுதி இடப்பக்கம், எங்கள் பகுதி வலப்பக்கம். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்த பிறகு அம்மா வந்து, வலப்பக்கம் கடைசியில், படி ஓரமாக நின்றார்.

"அம்மா, உள்ளுக்கு வாங்கோ. தங்கச்சிக்குக் கிட்ட."

"நான் நிக்கிறன்தானே. எடு."

எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா நகராவிட்டால் என்ன, அம்மாவுக்கு அங்கால் ஆட்களை நிறுத்தினால் அம்மா தானாக நடுவுக்கு வந்துவிடுவார்தானே? மாமியையும் மாமாவையும் இடம்மாறி அம்மாவுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். அவர்கள் போய் நின்றார்கள். நான் கமராவைத் தூக்குகிறேன், அம்மா மாமியின் முதுகுக்குப் பின்னால் நழுவி மறுபடியும் கடைசிக்குப் போய்விட்டார். சித்தப்பாவின் குடும்பத்தைக் கூப்பிட்டு அங்கால் விட்டேன். அம்மா அவர்களையும் தாண்டிப் போனார். இப்போது ஒரு கால் மேடையில், ஒரு கால் படியில். இன்னும் இரண்டு பேரை விட்டால் அவர் மண்டபத்தைவிட்டே வெளியே போயிருப்பார்.

வீடியோக்காரர் சிரிக்கத் தொடங்கினார். மாமி கீழ்க்குரலில், "விடு பிள்ளை. அவாவுக்கு விருப்பமில்லாட்டி விடன். நல்ல நேரத்தில கரைச்சல் குடுக்காதை" என்றார். எனக்குக் காது சுட்டது. "எல்லாரும் ஒரு நிமிசம் அசையாமல் நில்லுங்கோவன்!" என்று கத்தினேன். தங்கச்சியின் கண் கலங்கிவிட்டது. அம்மா தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் வாசல் பக்கத்துக் கதிரைகள் என் கண்ணில் பட்டன. அம்மா எழும்பி வந்த இடத்துக்குப் பக்கத்தில், அவருடைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் வரிசையாக இருந்தார்கள். எங்கள் குடியேற்றத்திட்டத்துப் பெண்கள். பக்கத்து வீட்டு அக்கா, மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஆச்சி, மற்றவர்கள். எல்லாரும் அம்மாவைப்போலத்தான், ஒருவருக்கும் புருஷன் இல்லை. நான் மேடையில் நின்றபடியே கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

"எங்களையோ? நாங்க எதுக்கு?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"குடும்பப் படம் அக்கா. வாங்கோ எல்லாரும். வந்தால்தான் நான் எடுப்பன்."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காதான் முதலில் எழும்பினார். மற்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். எங்கே நிற்பது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அம்மா நின்ற பக்கத்துக்குத்தான் போனார்கள், படி வழியாக ஏறி, அம்மாவுக்கு அங்கால் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்றார்கள். எல்லாரும் மேடைக்கு வர இடம் வேண்டியிருந்ததால் மாமா, சித்தப்பா ஆட்கள் பின்வரிசைக்கு ஏறினார்கள். அக்கா அம்மாவின் தோளில் கையைப் போட்டார். அம்மா நகரவில்லை. அவர்களைத் தாண்டி அவர் எங்கே போவது? அவர்கள் தள்ளிக்கொண்டு வர, அம்மா தங்கச்சியின் சேலைக்கரையில் முட்டிக்கொண்டு நின்றார். தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பிடியைத் தள்ளினேன். சிவப்பு அம்மாவின் தோளில் மினுங்கியது, பிறகு காதில், பிறகு இமையில். அம்மாவும் தங்கச்சியும் சட்டத்தின் நடுவில். இடப்பக்க ஓரத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள். அவர்களுடைய கைபேசிகளில் அவர்களுடைய முகம் ஆயிரம் கிடக்கும். வலப்பக்க ஓரத்தில் யாருடைய முகம் இழுபடப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அமத்தினேன். இன்னொருதரம் அந்த இடத்தில் நின்றாலும் அதைத்தான் செய்வேன், எனக்கு வேண்டியது என் அம்மாவின் முகம். ஒருதரம் எடுத்தேன், திரும்ப எடுப்பதற்குள் சாப்பாட்டுக்குச் சனம் எழும்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, தங்கச்சி வீட்டுக்கு எட்டிப்பார்க்க வந்தபோது, கணினியை முற்றத்துக்குக் கொண்டுவந்து அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் படத்தைக் காட்டினேன். தங்கச்சி கையைத் தட்டினாள். "அம்மா, பாருங்கோ, உங்கட முகம்!" என்றாள். உண்மையாகவே நல்ல படம். அம்மாவின் கண்ணோரச் சுருக்கம், மூக்கின் பக்கத்து மறு, தலையில் வைத்த எண்ணெய்கூடத் தெரிந்தது. சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம். நான் பெருமையில் பொங்கினேன். இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தேன்.

அம்மா தன் முகத்தை அதிகநேரம் பார்க்கவில்லை. அவருடைய கண் வலப்பக்கமாகப் போனது.

"இவளுக்கு என்ன நடந்தது?" என்றார். பக்கத்து வீட்டு அக்காவைக் காட்டினார். அடுத்த முகத்தைத் தொட்டார், அதற்கடுத்ததையும். போகப் போக இழுபட்டு, கடைசியில் நின்றவர் யாரென்றே தெரியவில்லை. "இது ஆர்?"

"லென்ஸ் அப்பிடி அம்மா. ஓரம் கலங்கும்."

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதானோ அவளவையை அங்க நிப்பாட்டினனீ?"

"உங்கட முகம் வரவேணுமெண்டு நிப்பாட்டினனான். ஆராவது ஓரத்தில நிக்கத்தானே வேணும்?"

அம்மா எனக்கு ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கூலிவேலைக்குப் போகேக்க இவளவைதான் இந்தப் பிள்ளையை மாறி மாறித் தூக்கி வச்சிருந்தவளவை. இவள்," என்று முகமில்லாத அந்தக் கடைசி உருவத்தைத் தொட்டார், அதற்குள் ஆளைப் பிடித்துவிட்டார், "தன்ர பிள்ளைக்கு வச்ச பாலை இவளுக்குக் குடுத்தவள். இதைச் சுவரில கொழுவேலாது" என்றார். தங்கச்சியைப் பார்த்து, "நீ கொண்டுபோகாதை" என்றார்.

நான் குதித்தேன். எவ்வளவு பாடுபட்டு எடுத்த படம், வேறு படம் இல்லை, இனி வரவும் வராது என்று கத்தினேன். அம்மா எழும்பி, கொண்டையை இறுக்கி முடிந்தார். சைக்கிளை எடுத்தார். மத்தியான வெயில், தலையில் சேலைத்தலைப்பு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வாறன்" என்று மட்டும் சொன்னார். என் கால் ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று ஊரில் கேட்பார்கள். அது அவரிடமிருந்து வந்தது.

ஒவ்வொரு வீடாகப் போய், திரும்பப் படம் எடுக்க வாங்கோ என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையும் தங்கச்சியும் எங்கள் வீட்டில் விருந்துக்கு வந்த நாளன்று, பின்னேரம், அவர்கள் எல்லாரும் வந்தார்கள். அலுமாரியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலைகள், தலைக்கு எண்ணெய், ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார். தங்கச்சி கலியாணச் சேலையைத் திரும்பவும் உடுத்தாள். முற்றத்தைத் தாண்டி வெறும் வயல், நெல்வெட்டு முடிந்திருந்தது. அங்கே எவ்வளவு தூரமும் பின்வாங்கலாம். நான் ஐம்பதைப் பூட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினேன். அந்த லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் ஓரமும் நடுவும் ஒன்றுதான், ஒரு முகமும் கலங்காது.

"நில்லுங்கோ எல்லாரும்" என்றேன்.

நின்றார்கள். நான் கமராவால் பார்த்தால், நடுவில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் ஓரத்துக்குப் போயிருந்தார்கள். பாதிப்பேர் இடப்பக்க வேலியோடு, பாதிப்பேர் வலப்பக்க மாமரத்தோடு. நடுவில் ஒரு வண்டில் போகிற அளவுக்கு இடம் கிடந்தது. அம்மா மாமரத்துக்கும் அங்கால். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தங்கச்சி படியிலிருந்து இறங்கிப் போய், அந்த வெறும் இடத்தில் தனியாக நின்றாள்.

விருந்துக்கு வந்து வாசலில் நின்ற மாமிக்குப் பொறுக்கவில்லை. "புதுப் பொம்பிளையை, தாலி ஏறின கையோட, இவையளுக்கு நடுவில விடுறதோ? இன்னும் பயணமும் போகேல்ல" என்றார்.

அது எல்லாருக்கும் கேட்டது. வேலிப் பக்கம் நின்றவர்களில் ஒருவர் செருப்பைத் தேடத் தொடங்கினார். நான் அம்மாவைப் பார்த்தேன். தன் மகளுக்கு ஏதாவது வந்துவிடும் என்ற பயத்தில்தான் இத்தனை வருடம் அவர் ஓரமாக நின்றவர், வெட்கத்தில் இல்லை. இப்போது மாமி சொன்னது அதே பயத்தைத்தான். அம்மா வீட்டுக்குள் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அம்மா மாமரத்தடியிலிருந்து வந்தார். நேரே செருப்புத் தேடியவரிடம் போய் அவர் கையைப் பிடித்தார். "எங்க போறாய்? வா இஞ்ச" என்று இழுத்துக்கொண்டுவந்து தங்கச்சிக்கு ஒரு பக்கம் விட்டார். அது பால் கொடுத்தவர். பிறகு மாமரத்தடிக்குப் போனார். "வாங்கோவன். கிட்ட வாங்கோ. என்ன, கடிப்பாளோ அவள்?" ஒவ்வொருவராக, தோளைப் பிடித்துத் தள்ளி, கையைப் பிடித்து இழுத்து, இடைவெளி இல்லாமல் நெருக்கி நிறுத்தினார். கடைசி ஆளையும் நிறுத்திவிட்டுத் திரும்பியபோது, தங்கச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் மட்டும் மிச்சம் இருந்தது. அம்மா அந்த இடத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற மாமியைப் பார்த்தார். பிறகு போய் நின்றார்.

நான் பிடியைத் தள்ளினேன். சிவப்பு எங்கே மினுங்குகிறது என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். தானாக ஃபோகஸ் பண்ணுகிற லென்ஸ் என்றால் அதுவே பார்த்துக்கொள்ளும், இதற்கு என் கண்தான் வேண்டும். சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகும் தெரியவில்லை, பிறகும் துடைத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்துக்கு நான் ஆறுதலாக நின்றேன், அதுவும் வேறு வழியில்லாமல்.

"என்ன பிள்ளை, நாங்க நிக்கிறதோ போறதோ? வெயில் சுடுது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அம்மாவின் இமையில் சிவப்பு மினுங்கியது. அமத்தினேன்.

திரையில் பெரிதாக்கி, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாம் தெளிவு. "வந்திட்டுது! காணும், இனி நீங்கள் போகலாம்" என்று வயலுக்குள் நின்றபடி கத்தினேன்.

அம்மா அசையவில்லை. தங்கச்சியின் கையை விடாமல், பால் கொடுத்தவரின் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார்.

"இன்னொண்டு எடு" என்றார். "இவள் சிரிக்கேக்க கண்ணை மூடிப்போட்டாள்."